கடைசிப் பக்கத்தில் சிவப்பு மை

1. பை

எழுபதுகளில் செங்கல்பட்டில் ஒரு லெண்டிங் லைப்ரரியில் வேலை பார்த்தேன். பையில் புத்தகம் அடுக்கி, பஸ் ஏறி, கடற்கரைப் பக்கம் போய் வீடு வீடாகக் கொடுப்பேன். அடுத்த வாரம் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு கொடுப்பேன். படிப்பு எட்டாவதோடு சரி. பையில் இருப்பதைப் பஸ்ஸில் படித்துவிடுவேன்.

விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்களில் இரண்டு பேர் புத்தகம் நன்றாக ஓடியது. நான் வைத்த பெயரையே சொல்கிறேன். ஒருவர் மெஷின்காரர். ராக்கெட்டில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று பத்துப் பக்கம் எழுதுவார். இன்னொருவர் நிலாக்காரர். ராக்கெட்டில் ஒரு ஆளை ஏற்றுவார், அவன் பெண்டாட்டியைக் கீழே வாசலில் நிறுத்துவார். அவருக்குக் குழாய் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கு அவரைத்தான் பிடிக்கும்.

2. குப்பம்

பூங்காவனம் கருவாட்டு வியாபாரி. மணலில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். மற்றப் பெண்கள் மீன் கீறிக்கொண்டே கேட்பார்கள். ஒரு நாள் நான் போனதும் நிலாக்காரர் புத்தகம் என் மேல் வந்து விழுந்தது.

“இன்னா அண்ணாத்த இது? ஆளு வந்தானா இல்லியா?”

கடைசிப் பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் அடித்திருந்தது. ஒரு வரிகூடத் தெரியவில்லை. கீழே, ‘ராக்கெட்டில் காற்று இத்தனை நாள் வராது. ஆள் செத்திருப்பான்.’

“அவ வாசல்லயே நின்னுகினு கீறா. நடுவுல எவனோ பூந்து செத்துட்டான்னு எழுதிக்கீறான்.”

“நம்ம ஆளுங்க வர லேட்டானா கரையில ஒருத்தன் கணக்கு சொல்லுவானே, அவனாட்டம்,” என்றாள் பக்கத்தில் இருந்தவள். யாரும் சிரிக்கவில்லை. அவள் வீட்டுக் கட்டுமரம் இன்னும் திரும்பவில்லை.

“வந்துட்டாம்மா. நான் படிச்சிக்கீறேன்.”

“நீ சொன்னா ஆச்சா? புக்குல காட்டு.”

3. குவார்ட்டர்ஸ்

அது யார் கை என்று எனக்குத் தெரியும். அணுமின் நிலையம் கட்ட வந்த என்ஜினியர் ஒருவர். புத்தகத்தில் கிறுக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டார்.

“இன்னா சார் இது? குப்பமே என்னைத் திட்டுது.”

“தப்புய்யா. அந்தக் காத்துல அவன் எப்படி உயிரோட இருப்பான்?”

“கதை சார்.”

“கதைன்னா?”

எனக்கு அலுத்துவிட்டது. “அவங்க ஆளுங்க கடல்ல கீறாங்க சார். செத்துட்டான்னு போட்டா எப்படிப் படிப்பாங்க?”

அவர் உள்ளே போய்த் தாள் எடுத்து வந்தார். புத்தகத்தைத் திறக்காமலே எழுதினார். அவன் கதவைத் தட்டுவதிலிருந்து, அவள் விளக்கைத் தூக்கி முகம் பார்ப்பதுவரை. நிலாக்காரர் எழுதியது அப்படியே. மேலே ஒரு வரி மட்டும் என்ஜினியருடையது: ஏணிக்கு அடியில் இன்னொரு காற்று சிலிண்டர் இருந்தது.

“இப்ப சரியா வரும்,” என்றார்.

தாளைக் கடைசிப் பக்கத்தில் ஒட்டிக் குப்பத்துக்குக் கொண்டுபோனேன். அந்தக் கட்டுமரம் திரும்பி வந்து கரையில் கிடந்தது. பூங்காவனம் சத்தமாகப் படித்தாள். சிலிண்டர் வந்த இடத்தில் நிறுத்தினாள்.

“இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? பேஜாரு புடிச்சவன்.”

பிறகு முடிவுவரை படித்தாள். கத்திகள் நின்றிருந்தன.

அடுத்த வாரம் என்ஜினியர் பையைக் கிளறினார். “தப்புத் தப்பா எழுதறான்யா அந்த ஆள். அவனோட அடுத்தது இருக்கா?”

புத்தகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மெஷின்காரர் புத்தகத்தில் அந்த என்ஜினியர் ஒரு புள்ளி வைத்ததில்லை. சுத்தமாகத் திரும்பி வரும். சுத்தமாகத் திரும்புகிற புத்தகத்தை நம்பி அலமாரி அடுக்காதீர்கள். கிறுக்கி வந்தால் நன்றாகத் திட்டுங்கள். திட்டிவிட்டு, அந்தப் புத்தகத்தை எழுதியவருடையது இன்னும் இரண்டு வாங்கி வையுங்கள்.