கட்டில் புறப்பாடு

சென்ற வாரம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு கட்டில் வெளியேறியது. தானாக அல்ல — என் தர்ம சிந்தனையின் தோளில் ஏறி.

சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் பங்களா ஏலத்தில் நான் ஆசைப்பட்டு எடுத்த ஈட்டி மரக் கட்டில் அது. கறுத்த மரம், மழை நாளில் தடவினால் காட்டின் மூச்சு விரலில் ஒட்டும். என்ன பிரயோஜனம்? அதைக் கூடத்தில் போட்டால் மனிதர்கள் தெருவில் நிற்க வேண்டும். ஆகவே உள்ளே ஒரு மூலையில், பரங்கிக்காய்கள் அதன்மேல் பள்ளிகொண்டன. போக வர என் மனைவியின் கால் விரல் அதில் இடிக்கும். இடிக்கும்போதெல்லாம் திட்டு எனக்கு.

இந்த நிலையில்தான் எனக்குத் தயை பிறந்தது. தயை இடநெருக்கடியில்தானே பிறக்கிறது?

அடுத்த வீட்டு நரசிம்மாசாரியார் பாடசாலையில் சமஸ்கிருதம் சொல்லித் தருகிறவர். சம்பளம் சொற்பம், ஆசாரம் ஏராளம். அவர் மகள் வேதவல்லி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். நிறைமாதம். ஆடிச் சாரலில் சாமுண்டி மலையே போர்த்திக்கொண்டு படுத்திருக்கிற மைசூரில், அந்தப் பெண் சில்லிட்ட தரையில் ஒற்றைப் பாயில் புரண்டு முனகுவது சுவர் தாண்டிக் கேட்கும்.

கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். கொடுப்பதுதான் கொடுக்கிறோம், வெறுங்கட்டிலாகவா? வீட்டில் சும்மா கிடந்த மெத்தை, தலையணை, கம்பி வளைந்த குடை, காலுக்குச் சேராத பாதரட்சை, ஒரு செம்பு, ஒரு விளக்கு... எல்லாவற்றையும் மேலே அடுக்கினேன். ஆட்கள் தூக்க, நான் முன்னால் நடந்தேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும் என்றுதானே பட்டப்பகலில் கிளம்பினேன்?

ஆசாரியார் வாசலுக்கு வந்தார். பார்த்தார். முகம் வெளுத்தது.

“யாரு போயிட்டா ஸ்வாமி?”

“யாரும் போகலையே! உமக்குத்தான் ஓய், கொண்டு வந்திருக்கேன்.”

“கட்டில், மெத்தை, குடை, பாதரட்சை, செம்பு, தீபம்... ஒண்ணு விடாம சய்யாதானம் கொண்டு வந்துட்டு, யாரும் போகலைங்கறீரே! பேட ஸ்வாமி, பேட!” — பதறினால் அவருக்குக் கன்னடம் வந்துவிடும் — “வேண்டாம்னா வேண்டாம்! பிள்ளைத்தாச்சி இருக்கற ஆத்துல இது வாசப்படி தாண்டப்படாது!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செத்தவர் மேலுலகம் போகும் வழியில் படுக்கக் கட்டில், வெயிலுக்குக் குடை, முள்ளுக்குப் பாதரட்சை என்று காரியத்தன்று கொடுப்பார்களே... அந்தத் தானத்தை அச்சுப் பிசகாமல் ஜோடித்திருக்கிறேன்! பிணம் ஒன்றுதான் குறை.

குடையை ஒளித்தேன். செம்பைத் திருப்பி அனுப்பினேன். மனுஷர் இளகவில்லை.

“தரையில படுத்து யாரும் செத்துப் போயிடலை, ஓய்.”

உள்ளேயிருந்து வேதவல்லியின் குரல் வந்தது. “அப்பா, செத்தவாளுக்கே கட்டில் உண்டுன்னா, உசிரோட இருக்கற நேக்குக் கிடையாதா? முதுகு ஒடியறது.”

ஆசாரியார் வாசற்படியையே பார்த்துக்கொண்டு நின்றார். சாஸ்திரம் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் — நடுவில் நிற்கிற தகப்பனைப் போலப் பரிதாபமான பிராணி உண்டா?

என் மனைவி தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள்.

“தானமாவது ஒண்ணாவது! இவர் ஏதோ உளறறார், மாமா. எங்காத்துல இதைப் போட இடமில்லை. உங்காத்து உள்ளுல கொஞ்ச நாள் கிடக்கட்டும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

ஆசாரியார் தாடையைத் தடவினார். “அப்போ, இது எங்களுக்கு இல்லை?”

“உங்களுக்கு எதுக்கு? எங்களுதுதான்.”

“சும்மா போட்டு வெச்சாக் கரையான் அரிக்குமேம்மா. யாராவது படுத்துண்டா நல்லது...”

“அந்த உபகாரமும் நீங்கதான் பண்ணணும்.”

கட்டில் உள்ளே போயிற்று. அன்று முதல் சுவருக்கு அப்பால் முனகல் இல்லை.

எனக்கு வந்த பெயர்? கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஆசாரியார் சொல்கிறாராம்: “பக்கத்தாத்துக்காரருக்கு இடமில்லை, பாவம். நான்தான் எங்காத்து உள்ளுல இடம் ஒழிச்சுக் கொடுத்தேன்.” என்னைக் கண்டால் கேட்கிறார்: “எப்ப ஓய் எடுத்துண்டு போகப் போறீர்?”

நான் கைகூப்புகிறேன். “குழந்தை பிறந்து தவழற வரைக்குமாவது தயவு பண்ணணும், ஸ்வாமி.”

“யோசிக்கறேன்” என்கிறார்.

தர்மம் செய்ய ஆசையா? முதலில் கெஞ்சப் பழகுங்கள்!