அரக்கன் கொஞ்சம் குட்டை

பாண்டிச்செல்வி அக்கா இறந்த செய்தி புதன்கிழமை காலை நம் ரசிகர் குழுவில் வந்தது. அக்காவின் எண்ணிலிருந்தே அவருடைய மகள் அனுப்பியிருந்தாள்: "அம்மா காலைல தவறிட்டாக. மூணு மணிக்கு எடுக்குறோம்." அதற்கு மேலே நம் அரக்கன் படத்தின் நான்காம் பாகத்து டிரைலரைப் பற்றிய சண்டை. கீழே வரிசையாகக் கும்பிடு போடும் கைகள். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே சண்டை. துக்கத்துக்குப் போகத் திருச்சுழி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, அருப்புக்கோட்டை எல்லை தாண்டும்வரை நானும் அதற்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தேன்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் "யார் இந்த அக்கா?" என்று கேட்டீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் பாகம் வெளியான அன்று அருப்புக்கோட்டையில் முதல் காட்சி. நாற்பது வயது இருக்கும், திருச்சுழியிலிருந்து தனியாக வந்திருந்தார். இடைவேளையில் எங்கள் கூட்டத்திடம் வந்து, "தம்பி, மொதப் பாகத்துல அரக்கனுக்கு எடது கொம்புல்ல ஒடஞ்சுச்சு? இதுல வலது ஒடஞ்சிருக்கு, கவனிக்கலையா?" என்று கேட்டார். விடியற்காலையிலிருந்து கட் அவுட்டுக்குப் பால் ஊற்றிய நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. அன்றே அவரைக் குழுவில் சேர்த்தேன். நம்மில் யாரையும்விட அவர் பெரிய ரசிகர். பின்னால் நான் அவரைப் பற்றி வேறு மாதிரி பேசியிருக்கிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மதுரைப் பக்கம் ஒரு தீம் பார்க்கில் அவருக்கு வேலை. அவருடைய அம்மா அடுத்தவர் காட்டில் மிளகாய் பறித்தவர். இவர் சீருடை போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போய் மைக் முன்னால் உட்கார்ந்தார். அங்கே மழைப் படகு என்று ஒன்று இருந்தது. இருட்டுக் குகைக்குள் படகு போகும். முதலில் வறண்ட கண்மாய் வரும், பிறகு இடி, தூறல், தவளைச் சத்தம், கடைசியில் தலை நனைய மழை. கதை சொல்வது அக்காவின் குரல். பதிவு செய்து வைத்தது இல்லை, படகில் இருப்பவர்களைப் பார்த்து அந்தந்த நேரத்துக்குப் பேசுவார். நாங்கள் போனபோது, "அருப்புக்கோட்டக்காரவுக வந்திருக்காக. தலையத் தொவட்டாதீகப்பா. நம்ம பக்கம் மழை எப்பவாச்சும்தான் வரும், வீட்டுக்குக் கொண்டு போங்க" என்றார். படகில் எல்லோரும் சிரித்தோம்.

அந்தப் படகை எடுத்துவிட்டு நம் படத்தின் அரக்கன் குகையை வைக்கலாமா என்று பார்க்கின் ஃபேஸ்புக் பக்கத்தில் கருத்துக் கேட்டார்கள். நமக்குத் தலைகால் புரியவில்லை. தெரியாத கதைக்கு எவன் டிக்கெட் எடுப்பான் என்றார்கள் பாதிப் பேர். ஏற்கெனவே பார்த்த கதைக்குள் போய் என்னத்தைப் பார்க்கப் போகிறோம் என்று இரண்டு மூன்று பேர் முனகினார்கள். அக்கா ஒரே ஒரு குரல் பதிவு போட்டார். "படம் எனக்கும் உசுருதான் தம்பி. ஆனா படத்துல அவுக நனையுறாக, நாம பாக்குறோம். இங்க நாமல்ல நனையுறோம். இதையும் அவுகளுக்கே குடுத்துட்டா நமக்குன்னு என்ன இருக்கு?"

குழுவை நடத்துகிறவன் என்ற திமிரில் நான் பதில் போட்டேன்: "அக்காவுக்கு அவுக மைக் போயிருமேன்னு கவலை. உண்மையான ரசிகர்கள் ஓட்டுப் போடுங்க." அதற்கு எத்தனை பேர் சிரித்தீர்கள் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அக்கா அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. ஓட்டில் நாம் ஜெயித்தோம், கேக் வெட்டினோம்.

திறப்பு நாளன்று குகை வாசலில் அரக்கன் நின்றான். நான் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டேன். அவன் நகம் வைத்த கையைத் தூக்கி என் தலைமேல் வைத்தான். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே பதிவு போட்டேன்: "குகை அருமை. அரக்கன் கொஞ்சம் குட்டை. படத்தில் அவன் யார் தலையிலும் கை வைக்க மாட்டான். வேஷம் போட்டவருக்குப் படமே தெரியாது போல." என் பதிவுகளில் அதிகம் பரவியது அதுதான்.

இரண்டு வாரம் கழித்துக் காரியாபட்டி பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். மெலிந்திருந்தார், கழுத்தெல்லாம் வேர்க்குரு. ஒன்றுமே நடக்காதது மாதிரி, "மைக் வேலை எப்படிப் போகுதுக்கா?" என்று கேட்டேன்.

"மைக்க எடுத்துட்டாகளே. இப்பப் படத்து வசனம்ல ஓடுது." பிறகு, "ஒன் பதிவப் படிச்சேன் தம்பி. குட்டைனு போட்டிருந்த. எங்காத்தா பெத்த ஒசரம் அம்புட்டுத்தான்" என்று சிரித்தார்.

வேஷத்துக்குள் இருந்தது யார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "படம் தெரியாதுன்னு மட்டும் போட்டிருக்க வேணாம்" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அந்தப் பதிவை அப்போதும் நான் அழிக்கவில்லை. அதற்கு அத்தனை லைக் விழுந்திருந்தது. இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

மாரடைப்பாம். விடுமுறை நாள் என்று வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்திருக்கிறார். அந்த அரக்கன் உடையின் புழுக்கத்தால்தான் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. ஆனால் அக்காவின் மைக்கைப் பறித்தார் என்று பார்க் முதலாளியைத் திட்டி இரண்டு நாளாகக் குழுவில் எழுதுகிறீர்களே, அதைப் படிக்க எனக்குக் கூசுகிறது. அவர் நம்மைக் கேட்டுத்தான் செய்தார்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது அக்காவின் மகள் வந்தாள். "மாமா, பிளெக்ஸுக்கு அம்மா போட்டோ வேணும். ஒங்களோட எடுத்தது ஒண்ணு இருக்குன்னு சொல்லுவாக." போனை எடுத்துக் குகை வாசலில் எடுத்த படத்தைக் காட்டினேன்.

"இதுல அம்மா எங்க மாமா?"

வீட்டில் கடைசிவரை மைக் வேலை என்றே அக்கா சொல்லி வந்திருக்கிறார். உண்மையை நான் சொன்னேன். அவள் படத்தைப் பெரிதாக்கி அரக்கனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள ரொம்ப வேக்காடா இருந்திருக்குமா மாமா?" என்று கேட்டாள். நான் கேட்டதே இல்லை என்றேன்.

பதிவை அன்றே அழித்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. அக்காவின் குரல் பதிவு குழுவில் இன்னும் இருக்கிறது, தேடிக் கேளுங்கள். அந்தப் படத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். அரக்கன் யார் தலையிலும் கை வைக்க மாட்டான் என்பது நம் எல்லோரையும்விட அக்காவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் என் தலைமேல் வைத்திருக்கிறார்.