கண் வலப்பக்கம்

2024 ஜனவரி 20, சனிக்கிழமை, காலை 4.50. கடும் பனி, எதிரே நின்ற பேருந்தின் பெயர்ப்பலகைகூடத் தெரியவில்லை. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி 39 கிலோமீட்டர், முப்பது ரூபாய். என் ஜன்னல் மூடவில்லை. நடத்துநரிடம் இரண்டு முறை சொன்னேன். துண்டைக் காதில் சுற்றிக்கொள்ளச் சொன்னார்.

போன காரணம் ஒரு மீன். விலங்கியல் பேராசிரியை பிலோமினா எழுதும் மீன் நூலுக்கு நாற்பது படங்கள் வரைந்தேன். முப்பத்தொன்பது தேறின. எருமை நாக்கு மட்டும் நின்றுபோனது. அது கடலடியில் ஒருக்களித்துக் கிடக்கும் தட்டை மீன். இரண்டு கண்ணும் மேற்பக்கத்திலேயே இருக்கும். என் படத்தில் கண்கள் உடலின் வலப்பக்கம். அவர் ஜாடிகளில் பதப்படுத்தி வைத்திருக்கும் மூன்று மீனுக்கும் இடப்பக்கம். இரண்டு விதமும் உண்டென்று புத்தகங்கள் சொன்னாலும், நான் டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டுவிட்டேனோ என்று அவருக்குச் சந்தேகம். குருசுக்குப்பம் கரையில் மீனைப் பக்கத்தில் வைத்து, துடுப்பு முள் ஐம்பத்தொன்றையும் எண்ணி வரைந்தவன் நான். அந்த மீன் அன்றே குழம்பாகிவிட்டது. பதினோரு மணிக்குள் வலக்கண் மீன் ஒன்றைக் காட்டாவிட்டால், என் படம் இல்லாமலே நூல் அச்சுக்குப் போகும்.

6.40. தேங்காய்த்திட்டு துறைமுகம், ஆட்டோ 120. பதினான்கு கூடைகளில் ஒன்பது எருமை நாக்கு. ஒன்பதும் இடக்கண். பதினைந்தாவது கூடையில் இரண்டு, கண்ணில்லாத வெள்ளைப் பக்கம் மேலாகக் கிடந்தன. திருப்பிப் போடச் சொன்னேன்.

"இன்னாத்துக்கு தாத்தா? எந்தப் பக்கம் போட்டாலும் அதே மீனுதான்" என்றாள் மீன்காரி. "பொண்ணு பாக்க வந்தவங்கூட இவ்ளோ பாக்க மாட்டான்."

திருப்பினாள். ஒன்று இடக்கண். மற்றது வலக்கண்.

பேரம் பேசவில்லை. இரண்டும் 420, ஐஸ் 15. பேராசிரியை வீட்டுக்கு ஆட்டோ 80.

8.10. வலக்கண் மீனைத் தட்டில் வைத்து, என் படத்தைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, தாடையிலிருந்து வால்வரை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார் பிலோமினா. எனக்குத் தந்த காப்பி ஆறிப்போனது.

"தாள் திரும்பலீங்க ஐயா. நான்தான் மூணு ஜாடிய நம்பிட்டேன்" என்றார். பிறகு, "இடக்கண்ணையும் வரைஞ்சு குடுங்க. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கட்டும்."

அச்சகத்துக்குப் போன் செய்து திங்கள்வரை நிறுத்திவைத்தார். அவர் மேசையிலேயே உட்கார்ந்தேன். மதியம் ஒன்றரைக்கு முடித்தேன். நாற்பது படம் நாற்பத்தொன்றானது.

திரும்பும் பேருந்திலும் ஜன்னல் மூடவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. மீன் இரண்டும் ஜாடிக்குப் போய்விட்டன. ஒரு துண்டும் என் நாக்கில் படவில்லை. மொத்தச் செலவு 695 ரூபாய்.