வரம்புக்கு மேலே இரண்டு டெசிபல்

என் வீட்டுக்காரருக்கு நகராட்சியில் சத்தம் அளக்கிற வேலை. யாராவது புகார் கொடுத்தால் அவர்கள் வீட்டு ஜன்னலில் மீட்டரை வைத்து, கால் மணி நேரம் அளந்து எழுதிக் கொடுப்பார். தெருவில் அவருக்கு 'மீட்டர்' என்றே பெயர். எனக்கு அதில் கோபம்தான். ஆனால் வீட்டில் பிரஷர் குக்கர் விசிலுக்கே எத்தனை டெசிபல் என்று சொல்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

ஒரு அச்சகத்தின் மாடியில் நான்கு பேர் கொண்ட ராக் குழு தினமும் மாலையில் பயிற்சி செய்யும். பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் வருஷத்துக்கு இரண்டு முறை தவறாமல் புகார் கொடுப்பார். முதல் முறை போய் வந்த அன்று இவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மனுஷன் கேப்பானா இதை? தகர டப்பாவை மாடிப்படியில உருட்டி விட்ட மாதிரி இருக்கு."

படிவத்தில் 'சத்தத்தின் வகை' என்ற இடத்தில் 'இரைச்சல்' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தார்.

அளவு என்னவோ எப்போதும் வரம்புக்குள்தான். வாத்தியாரும் விடுகிற ஆள் இல்லை. அளக்கும்போது பேசக்கூடாது, நகரக்கூடாது, தாளம் போடக்கூடாது. கேட்டுக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. நான்காம் வருஷம் 'கித்தார் இரண்டு, டிரம்ஸ், பெண் குரல்' என்று பிரித்து எழுதினார். ஏழாம் வருஷம் குளியலறையில் ஏதோ பாட்டை முணுமுணுத்தார். கேட்டதற்கு "ஒண்ணுமில்ல" என்றார். பத்தாம் வருஷம் 'பெண் குரல் நன்றாக உள்ளது' என்று எழுதி, மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு கூச்சமே விட்டுப்போயிற்று. புகார் இல்லாத நாளிலும் அச்சகத்துக்கு எதிரே சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பார். என்னையும் இழுத்துக்கொண்டு போவார்.

"இப்ப டிரம்ஸ் நிக்கும் பாரு. அந்தப் பொண்ணு மட்டும் தனியா பாடுவா."

நிற்கும். பாடுவாள். எனக்கு உடம்பு சிலிர்க்கும், ஆனால் அவரிடம் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பதினான்காம் வருஷம் வாத்தியார் தன் வீட்டுக்கு மேல்மாடி எழுப்பினார். புது அறையின் ஜன்னல் குழுவின் சுவருக்கு நேர் எதிரே அமைந்தது. அங்கே மீட்டர் வைத்து அளந்தார். வரம்பு ஐம்பத்தைந்து டெசிபல், வந்தது ஐம்பத்தேழு. அப்படியே எழுதினால் பயிற்சி அறையைப் பூட்டிவிடுவார்கள்.

அன்று சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"ரெண்டுதானே. குறைச்சு எழுதினா யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுமே."

"அந்தப் பிள்ளைங்க எங்க போவாங்க?"

"அதான் எனக்கும் தெரியல" என்றார். கண் கலங்கியிருந்தது.

பிடிக்காத காலத்தில் ஒரு புள்ளி ஏற்றி எழுதாத மனுஷர், பிடித்துப்போன பிறகு இறக்கியும் எழுதவில்லை. அளவு எழுதிய தாளைத் தபாலில் அனுப்பாமல், தானே கொண்டுபோய்ப் பாடகியின் கையில் கொடுத்துவிட்டு வந்தார். பயிற்சி அறையைப் பூட்டிவிட்டார்கள். நான் இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஐந்து மாதம் வீட்டில் பாட்டு என்ற பேச்சே எழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாடகி எங்கள் வாசலில் வந்து நின்றாள். ஊர் ஓரத்தில் ஒரு பழைய கிடங்கு கிடைத்திருக்கிறதாம். சுற்றியிருப்பவர்கள் விடமாட்டோம் என்கிறார்களாம்.

"நீங்கதான் வந்து அளக்கணும் சார். உங்க ஆபீஸ்லயும் எழுதிக் கேட்டுட்டோம்."

அடுத்த வாரம் அந்தப் பகுதி ஜனங்கள் கிடங்கில் கூடினார்கள். நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். குழு வாசித்தது. பக்கத்து வீட்டு ஜன்னலில் அளந்துவிட்டு வந்து, "நாற்பத்தாறு" என்றார் இவர்.

உடனே ஒருவர் எழுந்தார். "இவங்க கூட்டிட்டு வந்த ஆளு. இவங்களுக்குச் சாதகமாத்தானே சொல்வாரு?"

பாடகி மைக்கை எடுத்தாள். "எங்க பழைய இடத்தைப் பூட்ட வச்சதே இவர்தாங்க. வெறும் ரெண்டு டெசிபலுக்கு. எங்க பாட்டுன்னா இவருக்கு உயிரு, ரோட்டுல நின்னு கேப்பாரு. அப்பவும் குறைச்சு எழுதல. அதனாலதான் இவரையே கூப்பிட்டோம்."

எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "யாருங்க அந்த ஆளு?" என்று என் காதில் கிசுகிசுத்தாள்.

"என் வீட்டுக்காரர்" என்றேன், மைக் இல்லாமலேயே முன்வரிசை வரை கேட்கிற மாதிரி.