கேமராவுல பாத்துட்டோம்

போன ஞாயிற்றுக்கிழமை வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. அதனால் இந்த வாரம் கொஞ்சம் சத்தமாகத்தான் எழுதுவேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீஞ்சூரில் எங்கள் வீட்டு மாடி போர்ஷனில் கல்பனா என்று ஒரு பெண் குடியிருக்கிறாள். ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. அவளுடைய அம்மா செல்விக்கு ஆரம்பாக்கம் பக்கம், பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். செல்விக்கு வலை கிடையாது, படகு கிடையாது. ஏரியில் இறங்கி, சேற்றைத் துழாவி, கையாலேயே இறால் பிடிக்கிறவர். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலைக்கூடை. இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் கூடையைப் பல்லால் கடித்துக்கொள்வார். பத்து நிமிஷம் அப்படி நின்று பாருங்கள், தாடை என்ன சொல்கிறது என்று தெரியும்.

மகளைப் பார்க்க அவ்வப்போது ரயிலேறி வருவார். வந்தால் எனக்கும் ஒரு பொட்டலம் இறால் உண்டு. இந்த முறை பொட்டலம் இல்லை. முகம் வீங்கியிருந்தது.

"என்ன செல்வி, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு இன்னாக்கா... பேருதான் கெட்டுப்போச்சி. திருடின்னுட்டாங்க."

விஷயம் இதுதான். அந்த ஊரில் இறால் எடை போட ஊருக்குப் பொதுவாக ஒரு ஷெட் இருக்கிறது. பிடித்த இறாலை அங்கே கொண்டுபோய் நிறுத்தால்தான் வியாபாரி எடுப்பார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அங்கிருந்த எலக்ட்ரானிக் தராசைக் காணோம். அன்றைக்குக் கடைசியாக எடை போட்டுவிட்டுப் போனது செல்வி. அவ்வளவுதான். வேறு என்ன ஆதாரம் வேண்டும்?

ஏன் கடைசி? அங்கேதான் என் கோபத்தின் முதல் தவணை. வலைக்காரர்களின் இறாலுக்குத்தான் முதல் எடை. கையால் பிடிக்கிறவர்கள் எத்தனை மணிக்கு வந்தாலும் ஓரமாக நின்று, எல்லோரும் போன பிறகுதான் கூடையை வைக்க வேண்டும். ஷெட்டின் வழக்கம் அது. தினமும் கடைசியில் நிற்க வைத்ததும் இவர்களே, கடைசியில் நின்றவள் திருடி என்றதும் இவர்களே!

ஷெட்டின் செயலாளர் எத்திராஜ், நாலு பேர் எதிரில் செல்வியிடம் சொல்லியிருக்கிறார்: "கேமராவுல பாத்துட்டோம். நீயா கொணாந்து வெச்சிட்டா போலீஸ் வேணாம்."

செல்வி பதறவில்லை. "பாத்தியா? எனக்கும் காட்டுணா. நானும் பாக்கறேன்" என்றிருக்கிறார்.

"அதெல்லாம் கிளவுட்ல கீது. எடுக்க டைம் ஆவும்."

மூன்று வாரமாக எடுக்கிறார்கள். அதுவரை செல்வி ஷெட்டுக்குள் காலை வைக்கக் கூடாது. பைக்கில் வருகிற ஏதாவது ஒரு வியாபாரியை ரோட்டில் மடக்கி, அவர் மனசு வைத்தால் இறால் போகும். இல்லாவிட்டால் குழம்பு.

"தராச வெச்சிக்கினு நான் இன்னாக்கா பண்றது? நான் விக்கறதே அங்கதான!" என்றார் செல்வி. ஊரில் இது ஒருத்தருக்கும் தோன்றவில்லை என்பதை நினைத்தால்... சரி, மேலே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் அவரோடு கிளம்பினேன். ஆரம்பாக்கம் வரை ரயில், அப்புறம் ஷேர் ஆட்டோ.

எத்திராஜ் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். அப்புறம் பெருமையாக செல்போனை நீட்டினார். "பாருங்க மேடம், நாலு கேமராவும் சூப்பரா தெரியுது. நான் சென்னையில இருந்தாக்கூட பாக்கலாம்."

தெரிந்தது. ஷெட் வாசலில் கூடையோடு நிற்கும் பெண்கள் தெரிந்தார்கள். உள்ளே வரத் தயங்கி நின்ற செல்விகூடத் தெரிந்தார்.

"இது இப்போது நடப்பது சார். அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கே?"

"அது கிளவுட்ல..."

சுவரில் ஒரு கொட்டேஷன் தாளை லேமினேட் செய்து மாட்டியிருந்தார்கள். கேமரா போட்டவர் கொடுத்ததாம். படித்தேன். 'என்.வி.ஆர்., 4 சேனல். பி.ஓ.இ. எச்.265 ப்ளஸ். 1 டி.பி. பி2பி கிளவுட். ஓவர்ரைட். பேக்கப் 30 நாள்.' மந்திரம் மாதிரி இருக்கிறது, இல்லையா? மந்திரத்துக்காவது அர்த்தம் கேட்டால் சொல்வதற்கு ஆள் உண்டு.

இதில் ஒன்றும் பிரமாதமில்லை. என்.வி.ஆர். என்பது கேமராக்கள் அனுப்பும் படத்தை நெட்வொர்க் ஒயர் வழியாக வாங்கிச் சேர்த்துவைக்கும் டப்பா. பி.ஓ.இ. என்றால் அந்த ஒரே ஒயரில் கரண்டும் போகும், படமும் வரும். எச்.265 என்பது படத்தை இறுக்கி மடித்து வைக்கிற முறை. டி.பி. என்பது உள்ளே இருக்கும் டிஸ்க்கின் கொள்ளளவு. அந்த பி2பி கிளவுட் இருக்கிறதே... அது உங்கள் போன் அந்த டப்பாவை எட்டிப் பார்க்க ஒரு வழி. வழி மட்டும்தான்! மேலே எங்கேயும் எதுவும் சேர்த்துவைக்கவில்லை. அதற்குத் தனியாகச் சந்தா கட்ட வேண்டும். இதை எத்திராஜுக்கு யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை.

"டப்பா எங்கே?" என்றேன்.

அலமாரி மேல்தட்டைக் காட்டினார். அங்கே டப்பா இல்லை. ஐஸ் போட்டு இறால் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டி ஒன்று இருந்தது. மூடியைச் சுற்றிப் பழுப்பு டேப். பக்கத்தில் ஓட்டை போட்டு ஒயர்கள் உள்ளே போயிருந்தன. ஓட்டையைக்கூட எம்-சீல் வைத்து அடைத்திருந்தார்கள்.

"உப்புக் காத்து மேடம். ரெண்டே வருசத்துல ஜன்னல் கம்பியே உதுந்துபோவுது. மிஷினுக்குள்ள காத்துப் போவக்கூடாதுன்னு நான்தான் வெச்சி ஒட்னேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஊரில் கெடக் கூடாத எதையும் தெர்மாகோலில் வைத்து டேப் போடுவதுதான் பழக்கம். அந்தக் கைக்கு அதுதான் தெரியும். ஆனால் ராத்திரி பகலாக ஓடுகிற மெஷின் உள்ளே சூடாகும், சூடு வெளியே போக வழி வேண்டும் என்று சொல்ல வேண்டியது போட்டவர் வேலை இல்லையா? டேப்பைப் பிய்த்து மூடியைத் திறந்தேன். இட்லிப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் சூடு அடித்தது.

மானிட்டரில் பிளேபேக்குக்குப் போனேன். பதிவு இருக்கிற தேதிகளில் மட்டும் ஒரு நீல அடையாளம் இருக்கும். இந்த மாதத்தில் அடையாளமே இல்லை. போன மாதத்தில் இல்லை. அதற்கு முந்தின மாதத்திலும் இல்லை. பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். கடைசி அடையாளம் பொங்கலுக்கு முந்தின வாரம். அன்றோடு டிஸ்க் பழுதாகி, புதிதாக எதையும் எழுதாமல் நின்றிருக்கிறது. நேரலையில் பார்க்க டிஸ்க் தேவையில்லை என்பதால் போனில் மட்டும் எல்லாம் சூப்பராகத் தெரிந்துகொண்டிருந்திருக்கிறது.

"சார், டிஸ்க் போனால் இந்த மெஷின் கத்துமே? கத்தவில்லையா?"

"கத்திச்சி மேடம். ரெண்டு நாளு கீ கீனு ஒரே சத்தம். போட்டவருக்கு போன் பண்ணேன். மெனுவுக்குள்ள போய் பஸ்ஸர ஆஃப் பண்ணுங்கன்னாரு. பண்ணேன். நின்னுபோச்சி."

படித்தீர்களா? இன்னொரு முறை படியுங்கள். மெஷின் தன்னால் முடிந்த மட்டும் கத்தியிருக்கிறது. அதன் வாயை மூடுவது எப்படி என்று போனில் சொல்லிக்கொடுத்திருக்கிறான் ஒரு மகானுபாவன்!

அந்த நம்பரை வாங்கி அப்போதே அடித்தேன்.

"மேடம், எச்.டி.டி. ஃபெயிலியர். ஏர்ஃப்ளோ இருந்திருக்காது. அது நார்மல் டெஸ்க்டாப் டிஸ்க். சர்வெய்லன்ஸ் கிரேடு கஸ்டமர் கேக்கலை. ரெய்டு போட்டிருந்தா இன்னொரு டிஸ்க்லயும் அதே படம் மிர்ரர் ஆகியிருக்கும். அதுவும் கேக்கலை."

"கேட்கத் தெரிந்தால் உங்களை எதற்குக் கூப்பிடுகிறார்கள்? சரி, டிஸ்க் நன்றாக இருந்திருந்தால் முப்பது நாள் பதிவு இருந்திருக்குமா?"

"மோஷன் மோடுன்னா இருக்கும். அதாவது ஆள் நடமாட்டம் இருந்தா மட்டும் பதிவாகும். இவங்களுக்குக் கன்டினியூவஸ் போட்டிருக்கு. ஒரு பத்து நாள் வரும். அப்புறம் ஓவர்ரைட்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது; செல்வியும் அதற்குள் உள்ளே வந்திருந்தார். "ஓவர்ரைட்டுன்னா இன்னாக்கா?" என்றார் செல்வி.

"டிஸ்க் நிறைந்துவிட்டால் பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை எழுதும்."

"ஓ... பாடு மாதிரி" என்றார். இந்த ஏரியில் எந்த இடத்தில் எந்தக் குடும்பம் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதற்கு முறை உண்டு. அதன் பெயர் பாடு. "ஒருத்தன் மொற முடிஞ்சா அந்த எடத்துல அடுத்தவன் எறங்குவான். எங்களுக்குத்தான் பாடே கெடையாதே, கையில புடிக்கறவங்களுக்கு. ஆனா பாத்துக்கினுதான கீறோம்."

கொட்டேஷனில் ஒரு வரிகூடப் புரியாமல் மூன்று வருஷம் ஓட்டியவர்கள் இருக்கிற அறையில், அரை நிமிஷத்தில் புரிந்துகொண்டது அவர்தான்.

எத்திராஜ் மானிட்டரை அணைத்தார். பிறகு பெரிய மனசு பண்ணினார். "சரி, ப்ரூஃப் இல்லன்னு ஆயிடுச்சி. வுட்டுடலாம். செல்வி, நீ நாளைலேர்ந்து வா."

நான் எழுந்துவிட்டேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

செல்வி அசையவில்லை. "ப்ரூஃப் இல்ல, அதனால வுட்டேன்னு சொல்லாதணா. பாத்துட்டேன்னியே... இன்னாத்த பாத்த?"

எத்திராஜ் செல்போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"நாலு பேரு எதுர்ல சொன்னல்ல? அதே மாரி சொல்லு. நீ ஒண்ணும் பாக்கலன்னு சொல்லு. இல்லன்னா என் பொண்ணுக்கு மாப்ள பாக்கற எடத்துலகூட, 'அம்மாவ கேமராவுல புடிச்சாங்களாமே'ன்னுதான் கேப்பாங்க."

ஆத்திரத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று வாரமாக இந்த மனுஷி சுமந்தது தராசின் பழியை மட்டுமில்லை. இல்லாத ஒரு வீடியோவை! தராசு காணாமல் போவது வேறு விஷயம், அது எந்த ஊரிலும் நடக்கும். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலைக் கொடுத்தது கேமரா. கேமரா இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் எதையும் பார்ப்பதில்லை. எதிராளியும் கேட்க மாட்டான் என்று நம்புகிறோம். செல்வி கேட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரவல் தராசில் எடை போடுகிற நேரம். வெளியே இருபது பேராவது இருந்தார்கள். எத்திராஜ் வாசலுக்கு வந்தார். "செல்வி எடுத்தத நான் பாக்கல. வீடியோவே இல்ல. பாத்தேன்னு சொன்னது என் தப்பு" என்றார். நன்றாகத்தான் சொன்னார். செல்வி தலையை ஆட்டிவிட்டுத் தன் கூடையை எடுக்கப் போனார்.

தராசு இன்னும் கிடைக்கவில்லை. எடை வரிசையும் மாறவில்லை. கையால் பிடிக்கிறவர்கள் இன்னும் கடைசிதான். அதையும் நான் விடப்போவதில்லை.

வீட்டுக்கு வந்த கையோடு எங்கள் வீட்டுக் கேமராவின் டப்பாவையும் திறந்து பார்த்தேன். முப்பது நாள் இருக்கிறது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது ஆறு நாள்தான் இருந்தது. தேதியும் தப்பு. எத்திராஜைத் திட்டிய வாய்க்கு இது தேவைதான்.

புதன்கிழமை செல்வி போன் பண்ணினார். போட்டவர் வந்து புது டிஸ்க் மாட்டினாராம். தெர்மாகோல் போய், காற்றுப் போகிற இரும்புக் கூண்டு வந்ததாம். மோஷன் வேலை செய்கிறதா என்று பார்க்க யாராவது குறுக்கே நடக்க வேண்டும் என்றதும், எத்திராஜ் வாசல் பக்கம் திரும்பி, "செல்வி, கொஞ்சம் நடந்து காட்டேன்" என்றாராம்.

நடந்தாராம். மானிட்டரில் அவரைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழுந்ததாம். கேமராவுக்கு நேராக நிமிர்ந்து நின்று கேட்டிருக்கிறார்:

"இன்னாணா... இப்பவாச்சும் தெரியறனா?"

வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள்: டிஸ்க்கையும், எதிரில் நிற்கிற ஆளையும்.