படகின் சாவியைத் தராத பத்மா அக்கா

காலையில் அலுவலகத் தொலைபேசி ஒலித்தது. மறுமுனையில் எங்கள் படகுச் சங்கத் தலைவர் குணரத்தினம். "தம்பி, விஷயம் தெரியுமா? நம்ம மிஞ்ஞா ஈத்தாம் பத்மா போயிட்டாங்க. விடியக்காலையில, தூக்கத்துலயே" என்றார். மிஞ்ஞா ஈத்தாம் என்பது இன்ஜின் எண்ணெய்க்கு இந்த ஊரில் மலாய் மொழியில் வழங்கும் பெயர்; கறுப்பு எண்ணெய் என்று பொருள். ஒரு மனுஷி இறந்து உடல்கூட ஆறியிருக்காது, அதற்குள் பட்டப்பெயர். "பத்மாவதின்னு முழுப்பேரச் சொல்லுங்க தலைவரே" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதன் பிறகுதான் அழுகை வந்தது. கோபம் முதலில், கண்ணீர் பிறகு என்ற இந்த வரிசையைப் பத்மா அக்கா தப்பு என்று சொல்லியிருக்க மாட்டார்.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குமாஸ்தா வேலையில் காலூன்றிய குடும்பம். அண்ணன்மார் எல்லாரும் மேசை வேலை. இவர் மட்டும் ஜார்ஜ் டவுனிலிருந்து தினமும் ஃபெரி ஏறி, அக்கரையில் மாக் மண்டின் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவுக்குப் போனார். கிரீஸும் எண்ணெயும் பெல்ட்டும் வாங்கிச் சோதிப்பது அவர் பொறுப்பு. பெண் பிள்ளைக்கு இதென்ன உத்தியோகம் என்று வீட்டில் கேட்டபோது, "பேனா பிடிச்சா கையில மை, இங்க கையில எண்ணெய். ரெண்டும் சவுக்காரம் போட்டா போயிடுது" என்றாராம். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய இதே தொனியில்தான் பதில் கிடைத்தது.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் சில குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து, பெட்ரோலில் ஓடும் பழைய விசைப்படகு ஒன்றை வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கவும், பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போகவும் அது உதவியது. மாசி மகத்தன்று தெலுக் பஹாங்கில் அம்மன் மிதக்கும் தேரில் கடலுக்கு வரும்போது, பின்னாலேயே பக்தர்களை ஏற்றிக்கொண்டு போவதுதான் எங்களுக்குப் பெரிய பெருமை. இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும் வேலை பத்மா அக்காவிடம் வந்தது. வேறு யாரும் சேலையையோ வேட்டியையோ அழுக்காக்கத் தயாராக இல்லை. எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, விரல்களுக்கு நடுவே தேய்த்து, கடைசியில் முகர்ந்தும் பார்ப்பார். அதைப் பார்த்து எங்கள் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள்.

அவர் சொன்னதெல்லாம் வேதம் என்று நான் எழுதப் போவதில்லை. ஒருமுறை இன்ஜினுக்குள் ஏதோ உடைந்துவிட்டது, சத்தம் சரியில்லை என்று ஒற்றைக் காலில் நின்றார். ஒரு நாள் முழுக்க எல்லாவற்றையும் கழற்றினோம். மீன்பிடிப் பயணம் பாழாயிற்று. கடைசியில் தரைப் பலகைக்கு அடியில் ஒரு சில்வர் டம்ளர் உருண்டுகொண்டிருந்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அக்காதான். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, அதே டம்ளரில் எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அந்த டம்ளரைச் சங்கம் மட்டும் மறக்கவே இல்லை.

பிறகு வந்தது எண்ணெய்ச் சண்டை. மாக் மண்டினில் பட்டறை வைத்திருந்த முனியாண்டி அண்ணன், அப்போதுதான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்த சிந்தெட்டிக் என்ற செயற்கை எண்ணெயைப் பற்றிக் கூட்டத்தில் பேசினார். விலை அதிகம், ஆனால் ஒருமுறை ஊற்றினால் வெகு காலம் மாற்ற வேண்டாம் என்றார். அக்கா எழுந்தார். "சிந்தெட்டிக் நல்ல எண்ணெய். யார் இல்லைன்னா? சூட்டுக்கு நல்லாவே தாங்கும். ஆனா நம்ம போட் வாரம் பூரா சும்மா கிடக்கு. உப்புக் காத்து, ஈரம், எரியாத பெட்ரோல், எல்லாம் எண்ணெய்க்குள்ளதான் இறங்குது. எவ்வளவு ஒசத்தி எண்ணெயா இருந்தாலும் அழுக்கு அழுக்குதான்லா. சாதா எண்ணெய் ஊத்துங்க, அடிக்கடி மாத்துங்க. சிந்தெட்டிக்தான் வேணும்னா ஊத்துங்க, ஆனா அதையும் அடிக்கடி மாத்துங்க."

பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். யார் மனமும் கோணக்கூடாது என்பது எங்கள் சங்கத்தின் எழுதாத சட்டம். ஆகவே ஒரு தீர்ப்புச் சொன்னார்கள், நம்மவர்களால்தான் அப்படிச் சொல்ல முடியும். சிந்தெட்டிக் பாதி, சாதா பாதி, இரண்டையும் கலந்து ஊற்றுவது. எண்ணெய்க்குக்கூட சமரசம்! "கலக்கிறதால இன்ஜின் செத்துடாது" என்று அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆனா பாதி சிந்தெட்டிக் இருக்குன்ற தைரியத்துல மாத்தாம விட்டுருவீங்களே, அதாங்க பயம்." கைதட்டல் ஓசையில் அது யார் காதிலும் விழவில்லை. அவர் பயந்தபடியே, எண்ணெய் மாற்றும் பேச்சு வரும்போதெல்லாம் "இன்னும் தாங்கும்" என்று தள்ளிப் போட்டார்கள்.

அடுத்த மாசி மகம் வந்தது. படகுத்துறையில் பக்தர்கள், மடியில் பிள்ளைகள், தாம்பாளங்களில் பழமும் பூவும். பட்டுச் சேலையில் வந்த அக்கா இன்ஜின் மூடியைத் திறந்து கம்பியை உருவினார். எண்ணெய் அளவு முன்பைவிட ஏறியிருந்தது. முனியாண்டி அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களாக்கா, சிந்தெட்டிக் மகிமை. கொஞ்சங்கூடக் குறையல, கூடியிருக்கு!"

"கூடுற எண்ணெயா? இது என்ன அட்சய பாத்திரமா?" என்றார் அக்கா. விரலை முகர்ந்தார். என்னிடமும் நீட்டினார். பெட்ரோல் வாடை. "இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏத்துற பம்ப் ஒழுகி எண்ணெய்க்குள்ள போயிருக்கு. மூடுன இன்ஜினுக்குள்ள பெட்ரோல் ஆவி, மேல இவ்வளவு பிள்ளைங்க. நடுக் கடல்ல தீப்பிடிச்சா யார் எங்க ஓடுறது? இன்னிக்கு இந்த போட் போகாது." சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மூடியை மூடி அதன்மேலேயே உட்கார்ந்தார்.

தலைவர் கெஞ்சினார், அதட்டினார். "நல்ல நேரம் போகுது பத்மா. அம்மன் காரியம். போன தடவ டம்ளரு, இந்தத் தடவ இதுவா?"

"டம்ளருன்னே வச்சிக்குங்க தலைவரே. எந்திரிக்க மாட்டேன்" என்றார் அக்கா. கரையில் இருந்தவர்கள் திட்டியது எனக்கே கேட்டது. ஒரு அம்மாள் சாபமே விட்டார். அக்கா முகம் சிவந்தது. ஆனால் அவர் எழவில்லை. கடைசியில் பக்கத்து மீனவர்களின் படகுகளை அமர்த்திச் சிலர் போனார்கள், பலர் கரையிலிருந்தே கும்பிட்டுவிட்டு வீடு திரும்பினார்கள்.

மறுநாள் நானும் அக்காவும் எண்ணெயை இறக்கினோம். கழுநீர் மாதிரி ஓடி வந்தது. எண்ணெயும் பம்பும் புதிதாக மாற்றினோம். கழற்றிய பம்பைப் பார்க்க வாருங்கள் என்று எல்லாருக்கும் சொல்லியனுப்பினேன். ஒருவரும் வரவில்லை. பிறகு கூடிய செயற்குழுவில் நான் கண்டதைச் சொன்னபோது, "சூடான எண்ணெய் தண்ணியாத்தான் இருக்கும் தம்பி" என்று பதில் வந்தது. "இன்ஜினை ஸ்டார்ட்டே பண்ணலையே, எப்படிச் சூடாகும்?" என்று கேட்டேன். பேச்சு தேநீருக்குத் திரும்பிவிட்டது.

பக்தர்களிடமும் செயற்குழுவிடமும் அக்கா மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் சங்கத்தை விட்டு விலக வேண்டும் என்றார்கள். அந்தப் படகில்தான் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன, சிநேகமெல்லாம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன் அக்கா என்று பெண்கள் சிலர் கெஞ்சினார்கள். அவர் சொன்னார்: "மன்னிப்பு கேட்டா, அடுத்த வருஷம் இதே மாதிரி இருந்தா சாவியக் கொடுத்துடுவேன்னு அர்த்தம். கொடுக்க மாட்டேன். அப்புறம் எதுக்கு அம்மன் பேரச் சொல்லிப் பொய் சொல்றது?" கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதன் பிறகு அந்தப் படகில் அவர் கால் வைக்கவில்லை. ஆனால் ஒளிந்துகொள்ளவும் இல்லை. ஒவ்வொரு மாசி மகத்துக்கும் அதே கரையில் கச்சான் கடலை கொறித்தபடி நின்று, எங்கள் படகு கிளம்பும் சத்தத்தைக் கேட்டு, "இப்ப பரவால்ல, நல்லா மூச்சு விடுது" என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் உரக்கச் சொல்வார்.

ஜெலுத்தோங்கில் அவர் வீட்டில் உடலைக் கிடத்தியிருந்தபோதும் ஒருவர் அடுத்தவரிடம் சொன்னார்: "நல்ல மனுஷிதான். ஒண்ணுமே நடக்கல, அதுக்கு அன்னிக்கு அவ்வளவு ரகளை." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்பது உண்மை. படகு அன்று கடலுக்குப் போயிருந்தால்தானே நடப்பதற்கு! தான் சரி என்று காட்ட அக்காவுக்கு ஒரே வழி, உங்கள் பிள்ளைகளோடு அந்தப் படகை அனுப்பி வைப்பது. அந்த வழி அவருக்கு வேண்டாம். அதைவிட, உங்கள் கண்ணில் தப்புச் செய்தவராகவே இருந்துவிட்டுப் போவது மேல் என்று கடைசிவரை இருந்துவிட்டார்.

தகனம் முடிந்து வெளியே வந்தபோது தலைவர் என் தோளில் கை போட்டார். சங்க மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். "பழைய மனத்தாங்கலெல்லாம் எதுக்குத் தம்பி? வருத்தம் தெரிவிச்சிட்டு நம்மளோட சமாதானமாத்தான் போனாங்கன்னு ஒரு வரி போட்டா அழகா முடிஞ்சிடும்" என்றார். பாதி மெய், பாதி பொய், யார் மனமும் கோணாத ஒரு வரி.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அவருடைய பிடிவாதம். அதைக் கொண்டுதான் இதை எழுதுகிறேன். போடுவதானால் இந்தப் பக்கத்தை முழுதாகப் போடுங்கள். அன்று படகுத்துறையில் மடியிலிருந்த பிள்ளைகள் இன்று இதைத் தாங்களே படிக்கும் வயதில் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியட்டும். பத்மாவதி அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்காக நானும் கேட்கப் போவதில்லை.