தண்ணீர் தெளித்த தரை

நைலான் சேலையைக் களையும்போது படபடவென்று பொரிந்து, கை ரோமம் குத்திட்டு நின்றது. அந்தத் தேர்வு முடிந்து அறுபது வருடமாகியும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கோவில்பட்டியில் பள்ளி இறுதி வகுப்பு. கண்ணாடித் தண்டைப் பட்டுத்துணியில் தேய்த்து மின்காட்டியின் குமிழில் தொட்டால், குடுவைக்குள் இருக்கும் இரண்டு தங்க இலைகளும் விரிய வேண்டும். எனக்கு மட்டுமில்லை, வகுப்பில் யாருக்கும் ஒருநாளும் விரியவில்லை. "ஒங்க யாருக்கும் தேய்க்கத் தெரியல" என்றார் டீச்சர்.

ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்த அப்பாவிடம் சொன்னேன். "பஞ்சு உருளையில ஒட்டக் கூடாதுன்னுதான் நாங்க தண்ணியப் புகையா அடிக்கோம். ஈரத்துல மின்சாரம் நிக்காது ஏட்டி" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. கரிசல் புழுதி அடங்குவதற்காக ஆயா மாடத்தியக்கா தினமும் ஆய்வகத் தரையில் தண்ணீர் தெளிப்பாள். செய்முறைத் தேர்வன்று காலையில், தெளிக்க வேண்டாமென்று அவளிடம் கெஞ்சினேன்.

"வெளியூர் சார் வாராவ. தூசி கெடந்தா என்னையத்தான் ஏசுவாவ" என்று இரண்டு வாளி கூடுதலாகத் தெளித்தாள்.

இலைகள் அசையவில்லை. மதிப்பெண் போயிற்று. மாடத்தியக்கா பார்க்க அழுதுகொண்டே வெளியே வந்தேன்.

சாயங்காலம் தரை காய்ந்த பிறகு தனியாகப் போய்த் தேய்த்துத் தொட்டேன். இலைகள் சட்டென்று விரிந்தன. துடைப்பத்தோடு வந்த மாடத்தியக்கா எட்டிப் பார்த்தாள்.

"அதான் விரியுதுல்லா. பெறகு எதுக்கு அழுத?"